டென்னிஸ் ஆடாத முழங்கை

நாயக் தங்கப்பழத்துக்கு உயரம் என்றால் பயமில்லை, பனி என்றாலும் பயமில்லை. எல்லையில் ஒரு குளிர்காலம் முழுக்க, எதிர்ப்பக்கத்துக் காவல்காரனின் இருமலைக் கேட்டபடியே நின்றவன். அவன் விடுப்பில் சங்கரன்கோவிலுக்கு வந்த மறுநாள் காலை காப்பித் தம்ளரைப் பார்த்துப் பயந்தான்.

தம்ளரைத் தூக்கினால் வலது முழங்கையின் வெளிப்பக்கத்தில் யாரோ கோணி ஊசியைச் செருகித் திருகுவதுபோல் வலித்தது. இடது கையால் எடுத்துக் குடித்தான். தேரடிப் பக்கம் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் அவன் மனைவி பொன்செல்வி, எந்த வாடிக்கையாளர் எதைப் பையில் போடுகிறார் என்று பார்த்துப் பழகியவள். அவளிடம் எதையும் மறைக்க முடியாது.

"வலது கைக்கு என்ன?" என்றாள்.

"ஒண்ணுமில்ல."

"ஒண்ணுமில்லாத கைய எதுக்கு மடியில வச்சுத் தடவிக்கிட்டு இருக்கீய?"

தங்கப்பழம் சொன்னான். அந்த வருஷம் அவன் படைப்பிரிவில் சண்டை எதுவும் நடக்கவில்லை. மேலதிகாரிகளின் வருகைதான் அடிக்கடி நடந்தது. மேலதிகாரி வரும்போதெல்லாம் சாலையோரக் கற்களுக்குச் சுண்ணாம்பும் மரங்களின் இடுப்புவரை காவியும் அடிக்க வேண்டும். ஒருவர் வந்து போனதும் மழை பெய்யும், அடுத்தவர் வருவார். தங்கப்பழத்தின் கை கோடு பிசகாமல் அடிக்கும் என்று பெயர் வாங்கிவிட்டது. நல்ல பெயர் வாங்கியவனுக்கு மாற்று ஆள் போடும் வழக்கம் படையில் இல்லை.

"ஆஸ்பத்திரில சொல்லலாம்லா?"

"சொன்னா ஒடம்புத் தகுதித் தரத்தக் கொறச்சிருவாங்க செல்வி. நாயக்குல இருந்து ஹவில்தார் ஆகுத ப்ரமோஷன் போயிரும். துப்பாக்கியத் தூக்க முடியாதவன வச்சு என்ன செய்யன்னு வீட்டுக்கே அனுப்பிட்டாலும் அனுப்பிருவாங்க."

இதைச் சொல்லும்போது அவன் குரல் தாழ்ந்தது. சமையல்கட்டில் அவர்கள் இருவரையும் தவிர யாரும் இல்லை.

பொன்செல்வி அவனை ஊரில் இருந்த எலும்பு டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள். அவர் முழங்கையை அமுக்கினார், மணிக்கட்டை மேலே தூக்கச் சொல்லி எதிர்த்து அழுத்தினார். தங்கப்பழம் கத்தினான். டாக்டர் சீட்டில் "டென்னிஸ் எல்போ" என்று எழுதினார். கூடுதல் வேலை கொடுத்ததால் தசைநார் நொந்துபோயிருக்கிறது, ஓய்வும் பயிற்சியும் போதும், இறுக்கப் பட்டை கட்டிச் செய்யும் வைத்தியமும் சிலருக்குக் கேட்கிறது, பயப்படாதீர்கள் என்றார்.

பயப்படாதீர்கள் என்று யாராவது சொன்னால்தான் தங்கப்பழத்துக்குப் பயம் வரும். தவிர, விடுப்பில் உடம்புக்கு வந்தால் அருகிலுள்ள படை மருத்துவப் பிரிவில் தெரிவிக்க வேண்டும் என்பது விதி. தெரிவித்தால் தரம் போகும். தெரிவிக்காமல் மாட்டிக்கொண்டால் மானம் போகும். யோசித்துப் பார்த்து, தரமே போகட்டும் என்று தெரிவிக்கப் போனான்.

படைவீரர் மூட்டு நலப் பிரிவு ராஜபாளையம் சாலையில் அப்போதுதான் திறந்திருந்தது. அதை ஏன் சங்கரன்கோவிலில் திறந்தார்கள் என்பது யாருக்கும் தெரியாது. அதன் தலைவர் கர்னல் சங்கரநாராயணனுக்கு மாமனார் வீடு இந்த ஊர்தான் என்பது எல்லோருக்கும் தெரியும்.

வாசல் மேசையில் சுபேதார் கணேசன் உட்கார்ந்திருந்தார். பக்கத்து ஊரான திருவேங்கடத்துக்காரர். டாக்டர் சீட்டை வாங்கி ஒருமுறை வாசித்தார். கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி வாசித்தார்.

"டென்னிஸ் எல்போன்னு போட்டிருக்கு. நீ எங்கனலே டென்னிஸ் ஆடுன?"

"ஆடல சாப்."

"ஆடாம எப்படிலே வரும்? மலேரியா வந்தவன் கொசுவே கடிக்கலன்னு சொல்லுத மாதிரி சொல்லுத."

"சுண்ணாம்பு அடிச்சதுல வந்தது சாப்."

"சுண்ணாம்பு எல்போன்னு ஒரு நோய் லிஸ்டுலயே கெடையாது. டென்னிஸ் கோர்ட்டு ஆபீசர்மாருக்கு உள்ளது. நாயக் அதுல கால் வைக்கப்படாது. தெரியுமா?"

"தெரியும் சாப்."

"தெரிஞ்சுமா ஆடுன?"

அன்று பிற்பகலே விசாரணைக் குழு கூடியது. கர்னல் நடுவில் உட்கார்ந்தார். அவருக்கு வலப்பக்கம் கணேசன், இடப்பக்கம் இளம் மருத்துவர் கேப்டன் லிங்கேஷ். லிங்கேஷ் மட்டும் முழங்கையைப் பார்த்தார். மற்ற இருவரும் தங்கப்பழத்தின் முகத்தைப் பார்த்தார்கள்.

"டென்னிஸ் மைதானத்துக்குள் நீ என்றைக்காவது போயிருக்கிறாயா?" என்றார் கர்னல்.

பொய் சொல்ல அவனுக்குத் தைரியம் வரவில்லை. "பந்து பொறுக்கிப் போடுத டூட்டி பாத்திருக்கேன் சார்."

கணேசன் பேனா மூடியைக் கழற்றினார்.

"பொறுக்கிய பந்தை என்ன செய்தாய்?"

"ஆபீசர் பக்கம் எறிவேன் சார்."

"எந்தக் கையால்?"

"வலது கையால சார்."

கர்னலும் சுபேதாரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கொலைக்கருவி கிடைத்த வீட்டில் போலீஸ்காரர்கள் அப்படித்தான் பார்த்துக்கொள்வார்கள்.

"சார், டென்னிஸ் எல்போங்கறது வெறும் பேர்தான். டென்னிஸே ஆடாதவங்களுக்குத்தான் அதிகம் வரும்" என்றார் லிங்கேஷ்.

"கேப்டன், பேரை நம்பவில்லை என்றால் படையில் எதை நம்புவது? என்னைக் கர்னல் என்கிறார்கள். அதுவும் பேர்தானே?" என்றார் கர்னல்.

தங்கப்பழம் ஜன்னல் பக்கம் பார்த்தான். வெளியே மரத்தடியில் பொன்செல்வி காத்திருந்தாள். கைது செய்தால் அவளிடம் யார் சொல்வார்கள், கடையை அடைத்துவிட்டு எங்கே வந்து பார்ப்பாள் என்றெல்லாம் நினைப்பு ஓடியது. அப்போது கர்னலின் முகம் திடீரென்று மலர்ந்தது. அது அவனை இன்னும் பயமுறுத்தியது.

கர்னல் எழுந்து வந்து அவன் தோளில் கை வைத்தார். "தம்பி, இறுக்கப் பட்டை சிகிச்சை என்று ஒன்று இருக்கிறது. படைவீரர்களின் டென்னிஸ் முழங்கைக்கு அது மிக நல்லது என்று நான் ஒரு கட்டுரையின் தலைப்பைப் படித்திருக்கிறேன். பட்டைகள் வந்து குடோன் நிறைந்து கிடக்கின்றன. நோயாளிதான் கிடைக்காமல் இருந்தார். இப்போது நீ வந்திருக்கிறாய். உன் முழங்கை உன்னுடையது என்று இவ்வளவு காலம் நினைத்திருப்பாய். இனிமேல் அது தேசத்தின் முழங்கை. பிரிகேடியர் முன்னிலையில் செயல்விளக்கம் நடத்துகிறோம். குற்றச்சாட்டை அதுவரை தள்ளி வைக்கிறேன்."

ரத்து என்று சொல்லவில்லை, தள்ளி வைக்கிறேன் என்றுதான் சொன்னார். தங்கப்பழம் அதைக் கவனித்தான்.

மறுநாள் முதல் லிங்கேஷ் சிகிச்சையைத் தொடங்கினார். ரப்பர் பட்டையை முழங்கையைச் சுற்றி அளவான இறுக்கத்தில் கட்டினார். கையை நீட்டி மடக்கவும் மணிக்கட்டைச் சுழற்றவும் சொன்னார். இரண்டு நிமிஷத்துக்குள் கழற்றிவிட்டார். வெளுத்திருந்த தோலில் ரத்தம் குபுகுபுவென்று திரும்பியது.

"மரத்துப் போனாலோ விரல் கருத்தாலோ உடனே சொல்லணும். யார் பேசிட்டிருந்தாலும் சரி, சொல்லணும்" என்றார் லிங்கேஷ்.

சில நாளில் ஆச்சரியமாக வலி தணிந்தது. தங்கப்பழம் கிணற்றடியில் ஈரத்துண்டைப் பிழிந்தான். வலிக்கவில்லை. இன்னொரு முறை நனைத்துப் பிழிந்தான். பொன்செல்வி கடைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவள், அவன் துவைத்த துணியையெல்லாம் மறுபடி நனைத்துப் பிழிவதைப் பார்த்துச் சிரித்தாள். அவன் ஊருக்கு வந்ததிலிருந்து அவள் சிரித்தது அன்றைக்குத்தான்.

மூட்டு நலப் பிரிவுக்குப் போனதும் அவன் அதைச் சந்தோஷமாகச் சுபேதாரிடம் சொன்னான். கணேசனின் முகம் வெளிறியது.

"எவன்ட்டயும் சொல்லிராதலே" என்றார். ஆனால் தகவலை மேலே தெரிவிப்பது அவருடைய கடமை. உடனே போய்க் கர்னலிடம் சொன்னார்.

கர்னல் இருவரையும் கூப்பிட்டார். தங்கப்பழம் இதற்குமுன் எத்தனையோ குற்றங்களுக்குத் திட்டு வாங்கியிருக்கிறான். குணமானதற்கு வாங்கியதில்லை.

"யாரைக் கேட்டுக் குறைந்தது?" என்றார் கர்னல்.

"தானா கொறஞ்சுட்டு சார்."

"படையில் எதுவும் தானாகக் குறையக்கூடாது. பிரிகேடியருக்கு அழைப்பு போய்விட்டது. மண்டபம் பிடித்தாகிவிட்டது. சுல்தான் கடையில் பிரியாணிக்குச் சொல்லியாகிவிட்டது. வலியைத் தவிர எல்லாம் தயார். வலியில்லாத ஆளை மேடையேற்றி எதை நீக்கிக் காட்டுவது? கேப்டன், நோயாளியைக் குணப்படுத்த உங்களுக்கு உத்தரவு இருந்ததா?"

"சிகிச்சை கொடுக்க உத்தரவு இருந்துது சார்" என்றார் லிங்கேஷ்.

"சிகிச்சை வேறு, குணம் வேறு. குணப்படுத்துவது மேடையில் நடக்கும். அதுவரை வலியை அதே நிலையில் பராமரிக்க வேண்டும்."

அதற்கு 'வலிப் பராமரிப்புப் பணி' என்று பெயர் வைத்தார்கள். மண்டபத்துக்கு முன்னால் புதிதாக இரண்டு வரிசைக் கற்கள் பதிக்கப்பட்டன. தங்கப்பழம் சுண்ணாம்பு வாளியோடு அவற்றின் முன் உட்கார வைக்கப்பட்டான். முதல் வரிசை முடியும்போது முழங்கை முனகியது. இரண்டாவது வரிசையில் கோணி ஊசி பழைய இடத்துக்கே வந்து சேர்ந்தது. கர்னல் மாலையில் வந்து முழங்கையை ஒரு அமுக்கு அமுக்கிப் பார்த்தார். தங்கப்பழம் துள்ளினான்.

"அருமை" என்றார் கர்னல்.

வீட்டில் பொன்செல்வி அவன் முழங்கைக்கு ஒத்தடம் கொடுத்தாள். அன்றைக்கு அவள் திட்டவில்லை. அதனாலேயே அவள் எவ்வளவு பயந்திருக்கிறாள் என்று அவனுக்குப் புரிந்தது.

"வேண்டாம்னு சொல்லிருங்க" என்றாள்.

"அப்படி ஒரு வார்த்தைய எங்களுக்குச் சொல்லித் தரலயே செல்வி."

செயல்விளக்கம் நடந்த மண்டபத்தில் முந்தின நாள் ஒரு கல்யாணம் முடிந்திருந்தது. மேடையில் மணமக்கள் உட்காரும் இரண்டு சிவப்பு வெல்வெட் நாற்காலிகள் அப்படியே கிடந்தன. ஒன்றில் பிரிகேடியர் உட்கார்ந்தார், மற்றதில் கர்னல். பின்னால் பூ அலங்காரத்தில் மணமகள் பெயர் பாதி உதிர்ந்திருந்தது. நடுவே ஒரு ஸ்டூலில் தங்கப்பழம். அவன் முன்னால் ஒரு மேசை, அதன் மேல் ஜமுக்காளம், ஜமுக்காளத்தின் மேல் அவன் கை. கீழே விடுப்பில் வந்திருந்த வீரர்களும் ஓய்வுபெற்றவர்களும் குடும்பங்களும் நிறைந்திருந்தார்கள். பெண்கள் வரிசையில் முதல் நாற்காலியில் பொன்செல்வி இருந்தாள்.

நிகழ்ச்சி நிரலைக் கணேசன் மைக்கில் வாசித்தார். பட்டை கட்டுதல், கர்னல் அவர்கள். சிறப்புரை, பிரிகேடியர் அவர்கள். பட்டை அவிழ்த்தல், சிறப்புரைக்குப் பின், பிரிகேடியர் அவர்களின் திருக்கரங்களால்.

மேடை ஓரத்தில் நின்ற லிங்கேஷுக்கு அப்போதுதான் வரிசை புரிந்தது. அவர் கர்னலிடம் குனிந்து, "சார், ரெண்டு நிமிஷம்தான் கட்டி வைக்கலாம்" என்றார்.

"பிரிகேடியர் சுருக்கமாகத்தான் பேசுவார்" என்றார் கர்னல். பிரிகேடியரின் கையிலிருந்த காகிதக் கட்டு தங்கப்பழத்துக்கு நன்றாகத் தெரிந்தது.

கர்னல் எழுந்து சட்டைக் கையை மடித்துக்கொண்டார். அவர் அதற்குமுன் யாருக்கும் பட்டை கட்டியதில்லை. ஆனால் பார்சல் கட்டியிருக்கிறார். ஒரு காலை மேசைச் சட்டத்தில் ஊன்றிக்கொண்டு இழுத்தார்.

"சார், பாதி இழுப்பு போதும்" என்றார் லிங்கேஷ்.

"அரைகுறையாக எதையும் செய்து எனக்குப் பழக்கமில்லை, கேப்டன்."

சுற்றின் மேல் சுற்றாக முழங்கை மறைந்தது. நுனியைச் செருகி ஒரு தட்டுத் தட்டினார். மண்டபம் கைதட்டியது. தங்கப்பழத்துக்குத் தன் கை தோளோடு முடிந்துவிட்டதுபோல் இருந்தது. பிரிகேடியர் மைக்கைப் பிடித்தார்.

"வீரர்களே! நான் சுருக்கமாகப் பேசுகிறேன். முதலில் என்னுடைய பயிற்சிக் காலத்திலிருந்து தொடங்குகிறேன்."

அவர் பயிற்சிக் காலத்தில் இருந்தபோது தங்கப்பழத்தின் விரல் நுனிகள் குறுகுறுத்தன. கேப்டனாகப் பதவி உயர்ந்தபோது உள்ளங்கை மரத்தது. மேஜராகி மலைப்பகுதிக்கு மாற்றலாகிப் போனபோது நகங்கள் நீலம் பாரித்தன. தங்கப்பழம் கர்னலைப் பார்த்தான். கர்னல் பிரிகேடியரைப் பார்த்துப் புன்னகைத்துக்கொண்டிருந்தார். லிங்கேஷ் ஒரு அடி முன்னால் வந்தார். கர்னல் புன்னகை மாறாமலே விரலை அசைத்தார். லிங்கேஷ் நின்றுவிட்டார். அவருக்கும் மேலதிகாரி என்றால் பயம்தான்.

"இந்த வீரனைப் பாருங்கள். கையின் நிறம் மாறுவதைக் கவனியுங்கள்" என்றார் பிரிகேடியர். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். "ரத்தம் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது என்று அதற்கு அர்த்தம். கட்டுப்பாடுதான் படையின் உயிர். எதை எங்கே இறுக்க வேண்டும் என்று தெரிந்தவன்தான் தலைவன். எந்த இறுக்கத்திலும் வாய் திறக்காதவன்தான் வீரன். நான் முப்பது வருஷமாக இப்படித்தான் ஒவ்வொரு பிரிவையும் நடத்தியிருக்கிறேன். ஒருவன்கூட வலிக்கிறது என்று என்னிடம் வந்து சொன்னதில்லை!"

கைதட்டல் எழுந்தது. தங்கப்பழம் தன் கையைப் பார்த்தான். அது கத்திரிக்காய் நிறத்தில் வேறு யாருடையதோபோல் ஜமுக்காளத்தில் கிடந்தது. விரலை அசைக்கச் சொல்லி மனதுக்குள் உத்தரவிட்டான். விரல் கேட்கவில்லை. ஊரில் பாம்பு கடித்து விரலை எடுத்த ஒருவர் ஞாபகம் வந்தது. "சார்" என்று சொல்லிப் பார்த்தான். மைக் சத்தத்தில் அது அவனுக்கே கேட்கவில்லை.

பெண்கள் வரிசையில் ஒரு நாற்காலி சடாரென்று பின்னால் விழுந்தது.

"ஏங்க! கையப் பாருங்க, கருத்துட்டு! அவுத்துப் போடுங்க!" என்று பொன்செல்வி கத்தினாள்.

"ஏம்மா, உக்காரு! ஐயா பேசுதாங்கள்லா!" என்று கணேசன் ஓடினார்.

"அவர் பேசட்டும். கை செத்துப் போச்சுன்னா நீரா வந்து ஒட்ட வைப்பீரு?"

மண்டபமே அவள் பக்கம் திரும்பியது. பிரிகேடியரும் பேச்சை நிறுத்தினார். தங்கப்பழத்துக்கு இரண்டு பக்கமும் பயம். மேடையில் உத்தரவு இல்லாமல் அசைந்தால் என்ன ஆகும் என்று அவனுக்குத் தெரியும். அசையாவிட்டால் என்ன ஆகும் என்பது கண்ணெதிரே கிடந்தது. அவன் வீரத்தால் எதையும் முடிவு செய்யவில்லை. எந்தப் பயம் பெரியதோ அதன் பேச்சைக் கேட்டான். இடது கையால் பட்டையின் நுனியைப் பிடுங்கி, கண்ணை மூடிக்கொண்டு பிரித்தான். கர்னல் இழுத்துக் கட்டிய ரப்பர், விட்டதும் பாம்புபோல் துள்ளிப் பறந்து மைக்கை அறைந்தது. ஒலிபெருக்கி கீச்சென்று அலறியது.

"என்ன இது?" என்றார் பிரிகேடியர்.

தங்கப்பழம் எழுந்து விறைத்து நின்றான். சல்யூட் அடிக்கக் கையைத் தூக்கினான். கை வரவில்லை.

கர்னல் ஒரு கணம்கூடத் தயங்கவில்லை. "சார், இதுதான் சிகிச்சையின் இரண்டாம் கட்டம். நோயாளியே கட்டை அவிழ்ப்பது. தற்சார்பு!"

பிரிகேடியரின் முகம் தெளிந்தது. கைதட்டல் கூரையை அதிரவைத்தது. லிங்கேஷ் ஓடிவந்து தங்கப்பழத்தின் கையைத் தேய்த்துவிட ஆரம்பித்தார். நாடியைத் தேடினார். கண்டுபிடித்ததும்தான் மூச்சு விட்டார். "வந்துரும். பயப்படாதீங்க, வந்துரும்" என்று முணுமுணுத்தார்.

"முழங்கையில் இப்போது வலி இருக்கிறதா?" என்று பிரிகேடியர் மைக்கை நீட்டினார்.

"கையே இருக்கான்னு தெரியல சார்."

"பூரண நிவாரணம்!" என்று பிரிகேடியர் கூட்டத்தைப் பார்த்து முழங்கினார். "கர்னல், மகத்தான வெற்றி. இதை முழங்கையோடு நிறுத்திவிடலாமா? கூடாது. அடுத்து எது?"

கர்னல் குடோனில் மீதமிருந்த பட்டைகளை நினைத்துப் பார்த்தார்.

"கழுத்து, சார்" என்றார்.

"கழுத்து!" என்றார் பிரிகேடியர். "வீரர்களே, உங்களில் யாருக்குக் கழுத்து வலி இருக்கிறது?"

அவ்வளவு பெரிய கூட்டத்தில் ஒரு தலையும் அசையவில்லை. பக்கத்து ஆளைப் பார்க்கவும் யாரும் திரும்பவில்லை. பல வருஷம் கழுத்தைப் பிடித்துக்கொண்டு திரிந்த ஓய்வுபெற்ற ஹவில்தார் ஒருவர், கல்தூண்போல் நேராக உட்கார்ந்திருந்தார். சுபேதார் கணேசன் தும்மல் வந்ததை அடக்கிக்கொண்டார்.

பொன்செல்வி மட்டும் எழுந்து நேரே மேடையேறினாள். தங்கப்பழத்தின் இடது கையைப் பிடித்தாள். "வாங்க" என்றாள். இருவரும் நடு வழியாக நடந்தார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் கண்களை மட்டும் உருட்டிப் பார்த்தார்கள்.

"நாயக் தங்கப்பழம்!" என்று பின்னாலிருந்து கர்னலின் குரல் மைக்கில் வந்தது.

கூப்பிட்டால் நின்று திரும்பி விறைப்பது அவன் எலும்பில் ஊறியது. கால் தயங்கியது. பொன்செல்வியின் பிடி இறுகியது. அவன் திரும்பாமல் நடந்தான்.

வெளியே அவள் ஸ்கூட்டியைக் கிளப்பினாள். அவன் பின்னால் உட்கார்ந்து, செத்ததுபோல் கிடந்த கையை மடியில் ஏந்திக்கொண்டான். ராஜபாளையம் சாலையில் பஸ்கள் ஹாரன் அடித்துக்கொண்டு முந்தின. பஸ் ஸ்டாண்டை நெருங்கும்போது கைக்குள் ஆயிரம் எறும்புகள் ஒன்றாகக் கடித்தன. அவனுக்குக் கண்ணீர் வந்துவிட்டது. சுண்டுவிரல் லேசாக அசைந்தது.

"செல்வி, வெரல் அசையுது" என்றான்.

அவள் கண்ணாடியில் பின்னால் பார்த்தாள். வேகத்தைக் கூட்டினாள்.

"நல்லது. கழுத்த மட்டும் அசைச்சிராதீய" என்றாள். "பட்டாள ஜீப்பு வருது."